மூன்றாவது வரி

கடையக் கண்டுபிடிக்க ரொம்ப அலைஞ்சீங்களாம்மா? போர்டு இல்ல பாருங்க, அதான். பெயிண்ட் அடிக்கக் கழட்டிருக்குன்னு கேக்கிறவங்ககிட்ட எல்லாம் சொல்லுதேன். கழட்டி நாலு வருசம் ஆச்சு. நாலு வருசமா எவன் பெயிண்ட் அடிக்கான்? பக்கத்துச் செருப்புக் கடைக்காரன் கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிட்டான்.

உக்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், இதுல உக்காருங்க. டீ சொல்லட்டா? வேண்டாமா? சரி. திருநெல்வேலிலருந்து பஸ்ல வந்திருக்கீங்க, வெயில் வேற. தண்ணியாவது குடிங்க.

நீங்க போன் பண்ணும்போதே எனக்குத் தெரிஞ்சுபோச்சு எதுக்கு வாரீங்கன்னு. ட்ரஸ்ட்டுன்னா நன்கொடைதான? தப்பாச் சொல்லல. புருசன்கிட்ட அடிபட்டு வந்தவங்க, வெட்டுக்குத்துல பெத்தவங்கள இழந்த பிள்ளைங்க, இவங்களுக்குன்னு போய்க் கேட்டா இந்த பஜார்ல எவன் குடுக்கான்? கோயில் கொடைன்னு சொல்லுங்க, கல்லாப்பெட்டி தன்னால தொறக்கும். இதுக்குக் கேட்டா, அது அவங்க வீட்டு விவகாரம்னு சொல்லிருவான். நான் அப்பிடி இல்லம்மா. செக் எழுதியே வச்சிட்டேன், இந்தா இருக்கு பாருங்க. கையெழுத்துப் போட்டாச்சு. தொகை மட்டும் போடல. நீங்க எவ்வளவுன்னு சொல்லுங்க, போட்டுருதேன்.

என்னது? செக்குக்கு வரலையா?

சுபிக்ஷாவா.

இருங்க, அந்த ஃபேன கொஞ்சம் கூட்டி வைக்கேன். காத்தே இல்ல இன்னைக்கு.

நல்லா இருக்காளா? ஆறாப்பு வந்திருப்பா. உங்க விடுதிலதான் இருக்கான்னு எனக்குத் தெரியும், நான் விசாரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். எட்ட இருந்துதான். என்ன சொல்லுதீங்க, வாசிக்க மாட்டேங்காளா? படிப்பு ஏறலையா? ஓ, எழுதுதா, பரீட்சைல மார்க்கு வாங்குதா, ஆனா வாய் விட்டு ஒரு வரி வாசிக்க மாட்டேங்கா. டீச்சர் எந்திரிக்கச் சொன்னா எந்திரிச்சு நிக்கா, மணி அடிக்கிற வரைக்கும் அப்பிடியே நிக்கா. நான் வாசிச்சதாலதான் எங்கம்மா செத்துப்போச்சுன்னு உங்ககிட்டச் சொன்னாளாக்கும்.

அதுக்கு நான் வந்து என்ன சொல்லணும்? வாசிச்சது உன் தப்பு இல்ல தாயி, எழுதுனது நாந்தான், தப்பு என் மேலதான்னு. அவ்வளவுதான் நீங்க கேக்கிறது. அந்தப் பிள்ளைக்கு நீங்களும் டாக்டரும் நூறு தடவ சொல்லியாச்சு, அவ நம்பல, எழுதுன ஆளே வந்து சொன்னா நம்புவா. அப்பிடித்தான?

நீங்க படிச்ச பிள்ள, சொல்லுறதுல நியாயம் இருக்கும். ஆனா இதுல தப்பு யார் மேலன்னு அவ்வளவு லேசுல சொல்லிர முடியாதும்மா. முதல்ல இருந்து சொல்லுதேன். கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க.

எங்க அய்யா இந்தக் கடைய ஆரம்பிச்சவரு. பாத்திரத்துல பேர் வெட்டுறதுல இந்தச் சுத்துவட்டாரத்துல அவர அடிச்சுக்க ஆள் கெடையாது. வீட்ல கை நீட்டுறதுலயும் அப்பிடித்தான். எங்கம்மா உலகம்மாள் வாங்காத அடி இல்ல. அவளுக்குப் போக ஒரு எடம் இல்லம்மா. பொறந்த வீட்ல அண்ணன் பொஞ்சாதி நடைய விட்டு ஏத்த மாட்டா. ஒருக்க என்னைய இடுப்புல வச்சுக்கிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு, எந்த பஸ்ல ஏறன்னு தெரியாம சாயங்காலம் திரும்பி வந்தாளாம். அவளே சொல்லிருக்கா, சிரிச்சுக்கிட்டே சொல்லுவா. அதனாலதான், அவ போன பெறகு அவ பேர்ல எதாவது செய்யணும்னா இந்த மாதிரிப் பொம்பளைங்களுக்குத்தான் செய்யணும்னு எனக்கு இருந்துச்சு. அது பொய் இல்ல. என்னையப் பத்தி நீங்க என்ன நெனைச்சாலும் அது பொய் இல்ல.

அப்பதான் ஜெபமணி டீச்சர் வந்தாங்க. ரிட்டயர்டு டீச்சர். தபால்காரர் சந்துல ஒரு வாடகை வீடு எடுத்து இல்லம் நடத்திக்கிட்டு இருந்தாங்க. பத்து, பன்னெண்டு பொம்பளைங்க, கூடப் பிள்ளைங்க. வாசல்ல போர்டு கெடையாது. தையல் கிளாஸ் நடக்குன்னு அக்கம்பக்கத்துல சொல்லி வச்சிருந்தாங்க. எங்கருந்தோ வந்துக்கிட்டிருந்த உதவிப் பணம் திடீர்னு நின்னுபோச்சு, வீட்டுக்காரன் காலி பண்ணச் சொல்லுதான். இந்தா நீங்க உக்காந்திருக்கீங்கள்ல, இதே எடத்துலதான் உக்காந்து சொன்னாங்க. நான் சொன்னேன், ஒரு வருச வாடகை என் பொறுப்பு, தட்டு டம்ளர் சோத்துப் பானை பிள்ளைங்களுக்கு டப்பா எல்லாம் நம்ம கடைலருந்து வருதுன்னு. டீச்சருக்குக் கண்ணு கலங்கிருச்சு. கலங்கிட்டு, ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. அண்ணாச்சி, பேர் எதுவும் வெட்டாமக் குடுங்கன்னு.

பாத்திரக் கடைக்காரன்கிட்ட வந்து பேர் வெட்டாமக் குடுங்கன்னா என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்க. நம்ம ஊர்ல கல்யாணத்துக்கு ஒரு குத்துவிளக்கு குடுத்தாக் கூட அதுல பேர் இருக்கும். கோயில்ல ட்யூப் லைட் போட்டா அதுல பேர் இருக்கும். எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. எங்கம்மா பேர் இல்லாம எப்பிடி டீச்சர்னு மட்டும் கேட்டேன். அவங்க, சரி, உங்க பேரும் அம்மா பேரும் இருக்கட்டும், எடம் மட்டும் வேண்டாம்னாங்க. சரின்னு சொன்னேன். சொன்னேம்மா. இல்லேங்கல.

ஆனா எங்க கடை வழக்கம்னு ஒண்ணு இருக்கு. எங்க அய்யா காலத்துலருந்து மூணு வரி. மொத வரி, குடுத்தது யாரு. ரெண்டாவது வரி, யார் நினைவா. மூணாவது வரி, பாத்திரம் எந்த எடத்தச் சேந்தது. அந்த மூணாவது வரி இல்லேன்னா, ஒரு விசேச வீட்டுக்குப் போன பாத்திரம் திரும்பி வராது. அதுக்குத்தான் அந்த வரியே. மொதத் தட்ட மடியில வச்சு ரெண்டு வரி வெட்டுனேன். கீழ எடம் மொட்டையா இருந்துச்சு. கை தன்னால எறங்கிருச்சும்மா. மகளிர் அடைக்கல இல்லம், பதினாலு, தபால்காரர் சந்து, கடைசில நம்ம ஊர்ப் பேரு. மொதத் தட்டுல விழுந்தாச்சு, மிச்சத்த மட்டும் வேற மாதிரி வெட்டுனா செட்டு செட்டா இருக்குமா? நாப்பது தட்டு, நாப்பது டம்ளர், பன்னெண்டு டப்பா. எல்லாம் என் கையால. மத்தக் கடைங்க மாதிரி கம்ப்யூட்டர் இல்ல. சின்னப் பிள்ள கூட வாசிக்கிற மாதிரி எழுத்து.

சாமான் எறங்குன அன்னைக்கு டீச்சர் ஒரு தட்டத் திருப்பிப் பாத்தாங்க. மூஞ்சி செத்துப்போச்சு. அண்ணாச்சி, இத எடுத்துட்டுப் போயி இந்த ஒரு வரிய மட்டும் தேச்சுக் குடுத்துருங்கன்னாங்க. எனக்குக் கோவம் வந்துருச்சு. அம்மா பேர்ல குடுத்தத அன்னைக்கே திருப்பிக் குடுத்தா கோவம் வராதா? வீட்டுக்குள்ள இருக்கிற தட்ட எவன் வந்து வாசிக்கப் போறான்னு கேட்டேன். அப்ப வாடகைக்கும் வேற ஆளப் பாத்துக்கங்கன்னு ஒரு வார்த்த விட்டுட்டேன். வாய் தவறி வந்ததுதான். நெசமாவா நிறுத்திருவேன்? ஆனா டீச்சர் அதோட சாமான உள்ள எடுத்து வச்சுக்கிட்டாங்க.

ஒரு மாசம் கழிச்சு வாடகை குடுக்கப் போனா, பிள்ளைங்க டப்பால மூணாவது வரி மேல எல்லாம் பிளாஸ்திரி. ஆஸ்பத்திரில புண்ணுக்கு ஒட்டுவாங்கள்ல, அந்தப் பிளாஸ்திரி. என் எழுத்து என்ன புண்ணாம்மா? அப்பவும் கோவந்தான். வெளிய காட்டிக்கிடல.

சுபிக்ஷாவோட அம்மா வேல்கனிய நான் ரெண்டே ரெண்டு தடவதான் பாத்திருக்கேன். தீப்பெட்டி ஆபீஸ்ல வேல பாத்த பொண்ணு. ஒல்லியா, கழுத்துல ஒரு தீக்காயம். பேசவே மாட்டா. பிள்ள அதுக்கு நேர் எதிர். ஏழு வயசு, ரெண்டாப்பு, அப்பதான் எழுத்துக் கூட்ட ஆரம்பிச்சிருக்கா. கண்ணுல பட்டதெல்லாம் வாசிப்பா. அரிசி மூட்டைல இருக்கிறது, கேலண்டர்ல இருக்கிறது, டீச்சர் மாத்திரை அட்டைல இருக்கிறது. அவ அப்பன் லோடு லாரில போறவன். அவன் பேர நான் சொல்ல மாட்டேன், என் வாயால வராது. அவன் இவங்கள ஊர் ஊராத் தேடிக்கிட்டு இருந்தான். கேஸ் நடந்துச்சு. வாய்தாவுக்கு வரும்போதெல்லாம் டீச்சரும் ஒரு போலீஸ்காரம்மாவும் கூட வருவாங்க. முடிஞ்சதும் இவங்க ஆட்டோல போன பெறகு அரை மணி நேரம் அவன உக்கார வச்சிட்டுத்தான் அந்தப் போலீஸ்காரம்மா வெளிய விடும். அவ்வளவு பத்திரமாத்தான் பாத்துக்கிட்டாங்க. தாயும் பிள்ளையும் எந்த ஊர்ல இருக்காங்கன்னு கூட அவனுக்குத் தெரியாது.

பிள்ளையப் பாக்கணும்னு அவன் கோர்ட்டுல கேட்டு அனுமதி வாங்கிருந்தான். வாய்தா அன்னைக்கு மத்தியானம் ஒரு மணி நேரம், கோர்ட்டு வராந்தாலயே, போலீஸ்காரம்மா முன்னால. அந்த ஒரு மணி நேரத்துலதான் எல்லாம் நடந்துச்சு. டீச்சரும் வேல்கனியும் வக்கீலப் பாக்கப் போயிருந்தாங்க. அந்தப் போலீஸ்காரம்மாதான் பெறகு எங்கிட்டச் சொன்னது. அவன் பிள்ளையப் பக்கத்துல உக்கார வச்சு, டப்பாவத் தொறந்து ஊட்டி விட்டிருக்கான். அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நல்லாக் கவனிங்க, ஒரு எழுத்து தெரியாது. மூடில என்ன பாப்பா எழுதிருக்குன்னு கேட்டிருக்கான். பிள்ளைக்கு அது போதாதா? எழுத்து மேல வெரல வச்சு வச்சு வாசிச்சிருக்கா.

இப்பச் சொல்லுங்க. எழுத்து சும்மாத்தான் கெடந்துச்சு. அவன் பாத்தா அவனுக்கு வெறும் கீறல்தான். அது சத்தமா வந்ததாலதான அவனுக்குத் தெரிஞ்சுது? நான் பிள்ளையக் குத்தம் சொல்லல. ஏழு வயசுக்கு என்ன தெரியும்? நடந்தத நடந்தபடி சொல்லுதேன். பிளாஸ்திரி ஒட்டுனவங்க ஒழுங்கா ஒட்டிருக்கணும். கழுவக் கழுவ ஓரம் பெயரும், மாத்தி ஒட்டணும்னு தெரிய வேண்டாமா? பக்கத்துல உக்காந்திருந்த போலீஸ்காரம்மா போன்ல பேசிக்கிட்டு இருந்துச்சு. ஒரு பிள்ளைய நம்பி விட்டுட்டுப் போனா அங்கிட்டும் இங்கிட்டும் பாக்க வேண்டாமா? அந்தப் பிள்ள பாவம், ஊறுகாத் துண்ட ஒதுக்கி வச்சு, தயிர் சோறு எல்லாம் முடிஞ்ச பெறகு கடைசியாத் தின்னுச்சு. மாங்கா ஊறுகா. நாக்க நாக்க நீட்டி உறைப்புக்கு ஊதிக்கிட்டு...

என்னம்மா அப்பிடிப் பாக்கீங்க?

போலீஸ்காரம்மா சொன்னதுதான்.

இல்ல. அவங்க சொல்லல.

நான் அங்கதான் இருந்தேன். எதுத்த பெஞ்சுல. கடை பாகத்துக்காக எந்தம்பி போட்ட கேஸு ஒண்ணு நடந்துக்கிட்டு இருந்துச்சு, எனக்கும் அன்னைக்குத்தான் வாய்தா. இத நான் யார்கிட்டயும் சொன்னதில்லம்மா. ஜெபமணி டீச்சருக்குத் தெரியாது. என் வீட்ல தெரியாது.

பாத்ததும் அந்த டப்பா நம்ம கடை டப்பான்னு தெரிஞ்சுது. ஒரு சந்தோசம். நாம குடுத்ததுல ஒரு பிள்ள சாப்பிடுதேன்னு. ஊட்டுனவன் அப்பன்னு தெரிஞ்சுது, எப்பிடிப்பட்ட அப்பன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? அவன் ஊட்டும்போது அழுதாம்மா. தோள்ல கண்ணத் தொடச்சுக்கிட்டே ஊட்டுனான். இப்பிடி ஒரு அப்பன விட்டுட்டா இவ அம்மா வந்திருக்கான்னு கூட நெனைச்சேன். பிள்ள மொத வரி வாசிச்சா. என் பேரு. ஆ, வு, டை, அப்பன். எழுத்துக் கூட்டி, தலைய ஆட்டி ஆட்டி. ரெண்டாவது வரி, எங்கம்மா பேரு. உலகம்மாள்னு அந்தக் கொரல்ல கேக்கும்போது எனக்கு உடம்பு சிலுத்துப்போச்சு. வாசிச்சிட்டு டப்பாவ வச்சிட்டா. அவ்வளவுதான்பான்னு சொல்லிட்டா. அவனும் விட்டுட்டான். அதோட முடிஞ்சிருக்கும்.

கீழ அந்தப் பிளாஸ்திரி தெரிஞ்சுது. ஓரம் பெயர்ந்து, அழுக்கேறி. என் எழுத்து மேல. டீச்சர் எதுக்கு ஒட்டுனாங்கன்னு எனக்குத் தெரியும்மா. தெரியாம இல்ல. ஆனா அந்த நேரத்துல எனக்கு ஒரு வீம்பு. நல்லா வாசிக்கியே தாயி, அந்தப் பிளாஸ்திரிய உரிச்சிட்டுப் பாரு, அடில இன்னொரு வரி இருக்குன்னேன்.

உரிச்சா. நகத்தால சொரண்டி உரிச்சா. அவ்வளவு சந்தோசம் அந்த மூஞ்சில, இன்னொரு வரி இருக்குன்னு. மகளிர்ல கொஞ்சம் தடுமாறுனா, நான் எடுத்துக் குடுத்தேன். அப்புறம் அவளே வாசிச்சா. பதினாலு, த, பா, ல், கா, ர, ர். சந்து. கடைசில ஊர்ப் பேரு. நான் கை தட்டுனேன். அவன் கை தட்டல. இன்னொருக்க வாசி பாப்பான்னான். இன்னொருக்க வாசிச்சா.

மூணாவது நாள் காலைல வேல்கனி பால் பாக்கெட்டு வாங்க வாசலுக்கு வந்திருக்கா.

செருப்புக் கடைக்காரன்தான் ஓடி வந்து சொன்னான், தபால்காரர் சந்துல ஒரு பொம்பளைய வெட்டிட்டாங்கன்னு. நான் எந்திரிக்கல. எடைக்குப் போட்ட பித்தள அப்பிடியே தராசுல கெடந்துச்சு. வெட்டுன அந்த அப்பன் ஜெயில்ல இருக்கான் இப்ப, ஆயுள். டீச்சர் அந்த வாரமே இல்லத்தக் காலி பண்ணி, இருந்தவங்கள ஆளுக்கொரு ஊருக்கு அனுப்பிட்டாங்க. பாத்திரத்த எல்லாம் ஒரு ஆட்டோல கொண்டாந்து இந்தா இந்த வாசல்ல எறக்கி வச்சிட்டுப் போயிட்டாங்க. எண்ணிப் பாத்தா ஒரு டப்பா கொறைஞ்சுது. அது பிள்ளகிட்ட இருக்கா? இன்னமுமா வச்சிருக்கா?

அன்னைக்கே கடைய அடைச்சிட்டு, மூணாவது வரி எல்லாத்தையும் மெசின்ல குடுத்துத் தேச்சேன். தேச்ச எடம் கண்ணாடி மாதிரி ஆயிருச்சு. ஆனா எனக்கு அதுல எழுத்து தெரியுதும்மா. சத்தியமாத் தெரியுது. தெரியுறதாவது பரவால்ல, கேக்கு. சாயங்காலம் நாலே காலுக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைங்க இந்த வழியாத்தான் போகும். சின்னதுங்க கடை போர்ட எல்லாம் எழுத்துக் கூட்டிக்கிட்டே போகும். ஆ, வு, டைன்னு ஒரு பிள்ள ஆரம்பிச்சாப் போதும், அடுத்த வரிய வாசிச்சிருமோன்னு எந்திரிச்சு ஓடப் பாப்பேன். போர்டுல அடுத்த வரியே கெடையாது, என் பேரு, பாத்திரக் கடை, அவ்வளவுதான் இருந்துச்சு. இருந்தாலும். அதான் கழட்டிட்டேன். போர்டு இல்லாமலும் நாலே காலுக்குக் கேக்கு.

அவ என்னையப் பத்தி எதாவது சொல்லிருக்காளா? எதுத்த பெஞ்சுல ஒரு தாத்தான்னு? சொல்லிருக்காளா. வெள்ளச் சட்டைத் தாத்தா. என்ன சொன்னா? பிளாஸ்திரிய உரிக்கச் சொன்னாருன்னா?

அதச் சொல்லலையா.

நல்லா வாசிக்கேன்னு சொன்னாருன்னா சொன்னா? அது மட்டுமா?

இருங்கம்மா. ஒரு நிமிசம். கண்ணாடில தூசி.

ஆமா, நீங்க சொல்லுறது புரியுது. அவ அத ஒளிச்சு வச்சிருக்கான்னா, என் மேல குத்தம் வந்துரக் கூடாதுன்னு கூட இருக்கலாம்னு சொல்லுதீங்க. இல்லன்னா மறந்தே போயிருக்கலாம். எதுவா இருந்தாலும் நான் வந்து சொன்னா அவளுக்கு வெளங்கும். புரியுதும்மா, நான் முட்டாள் இல்ல. அந்தப் பிள்ள முன்னால நின்னு, நாந்தான் எழுதுனேன், எழுத வேண்டாம்னு சொல்லியும் எழுதுனேன், மூடி வச்சதத் தொறக்கச் சொன்னதும் நாந்தான்னு. ஒரு நிமிசத்துப் பேச்சுதான். ஒரு நிமிசம் கூட ஆகாது.

வாரேன். வராம என்ன? இந்த வாரம் முடியாது, சரக்கு வருது. அடுத்த மாசம் முகூர்த்த மாசம், கடைய விட்டு நகர முடியாது. அதுக்குப் பெறகு முட்டு ஆபரேசன் சொல்லிருக்காங்க. பாப்போம். அதுவரைக்கும் அவ படிப்புக்கு என்ன உண்டோ, காலேஜ் வரைக்கும் நான் ஏத்துக்கிடுதேன். நல்ல டாக்டரா மெட்ராஸ்ல காட்டுங்க. அவ ஒருத்திக்கு மட்டும் இல்ல, உங்க விடுதில அது மாதிரி எத்தன பிள்ளைங்க இருக்கோ அத்தன பேருக்கும். தொகைய நீங்களே போட்டுக்கங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன், கட்டடத்துல கல்லு வைங்கன்னு சொல்ல மாட்டேன், அம்மா பேரக் கூடப் போடச் சொல்ல மாட்டேன்.

ஏம்மா எந்திரிக்கீங்க? செக்க எடுக்காமப் போறீங்களே. ரசீதுல என்ன பேர் போடன்னு யோசிக்கீங்களா? என் பேர் வேண்டாம். பெயர் சொல்ல விரும்பாத அன்பர்னு போடுவாங்கள்ல, அப்பிடிப் போட்டுக்கங்க. குடுத்தது யாருன்னு அந்தப் பிள்ள கேட்டாலும் அப்பிடியே சொல்லிருங்க.